பதினெட்டாவது குழியில் யார் பந்து

பதினொன்றாவது குழிக்கு லாக்லன் அடித்த கோல்ஃப் பந்து முள்புதருக்குள்தான் போனது. டூகல் அதைத் தன் கண்ணாலேயே பார்த்தான். புதரின் மஞ்சள் பூ நாலைந்து உதிர்ந்ததைக்கூடப் பார்த்தான். ஆனால் ரெண்டு பேரும் நடந்து போய்ச் சேர்ந்தபோது பந்து புதருக்கு வெளியே, படிய வாரின தலைபோல இருந்த புல்லில் நோகாமல் உட்கார்ந்திருந்தது.

“கிளையில பட்டுத் திரும்பிடுச்சு மச்சான்,” என்றான் லாக்லன். “எல்லாம் நேரம்.”

“உனக்கு மட்டும் கிளை எல்லாம் சொந்தக்காரன்,” என்றான் டூகல்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். வயிற்றுக்குள் சிரிப்பு இல்லை.

லாக்லன், டூகலின் மனைவி இஷ்பெலின் தம்பி. மீன் வண்டி ஓட்டுகிறவன். வெயிலோ மழையோ, மீன் வாடை அடிக்கிற அந்த நீளக் கோட்டைக் கழற்ற மாட்டான். அதன் பைக்குள் ஒரு கூடை மத்தி போடலாம். ஒரு பந்து போடவா முடியாது? கால்சட்டைப் பையில் ஓட்டை வைத்து, பந்தைக் காலோடு உருட்டிக் கீழே விடுகிறவர்களைப் பற்றி டூகல் கேள்விப்பட்டிருக்கிறான். தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிஷம்தான் கணக்கு. அதற்குள் கிடைக்காவிட்டால் ஓர் அடி கூடும், திரும்பவும் பழைய இடத்திலிருந்து அடிக்க வேண்டும். லாக்லனுக்கு மட்டும் மூன்று நிமிஷம் ஆனதே இல்லை.

வேறு நாளாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பான். இன்று கோடைக் கோப்பையின் கடைசி ஆட்டம். ஊராட்சித் திடல்தான், மதிலுக்கு அந்தப் பக்கம் பணக்காரர்கள் ஆடுகிற திடல் மாதிரி இல்லை. இங்கே துணி காயப்போட்ட கொடிக்கயிற்றுக்குப் பக்கத்தில் அடிக்க வேண்டும், நாயைக் கூட்டிக்கொண்டு யாராவது குறுக்கே போனால் நிற்க வேண்டும். ஆனாலும் கிளப் கொட்டகையில் ஒரு பலகை இருக்கிறது. ஜெயித்தவன் பெயரைப் பொன்னிற எழுத்தில் எழுதுவார்கள். தார் ஊற்றி ரோடு போடுகிற டூகல் இருபத்தாறு வருஷமாக அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து டீ குடிக்கிறான். அவன் போட்ட எந்த ரோட்டிலும் அவன் பெயர் கிடையாது.

பதினாலாவது குழியில் லாக்லன் உயரமான புல்லுக்குள் குனிந்தான். கோட்டை அடைகாக்கிற கோழிபோல விரித்துக்கொண்டு ரொம்ப நேரம் குனிந்திருந்தான்.

“முட்டை வெக்கிறியாடா?”

“கண்ணாடி போடலை மச்சான். இந்தா, கிடைச்சிருச்சு!”

அதற்குப் பிறகு டூகலின் கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை. முட்டி வலியை மறந்தான். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க மறந்தான். பதினேழு குழி முடிந்தபோது ரெண்டு பேரும் சமம்.

கடைசிக் குழிக்கு அடிக்கும்போது கடலிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. ரெண்டு பேருமே மூன்றாம் நம்பர் பந்து வைத்திருந்தார்கள். கொட்டகை வாசலில் பழைய பந்து விற்கிற ஒரே வாளியில் பொறுக்கியவை. அதனால்தான் அடையாளம்: டூகலுடையதில் ரெண்டு சிவப்புப் புள்ளி, லாக்லனுடையதில் நீலச் சிலுவை. பந்து ரெண்டும் வலது பக்கமாகப் பறந்து மூட்டத்தில் மறைந்தன.

போய்ப் பார்த்தால் பத்தடி இடைவெளியில் ரெண்டும் கிடந்தன. லாக்லன் முன்னால் கிடந்ததற்குப் பக்கத்தில் போய் நின்றான்.

“இதுதான் என்னுது போல.”

கை கோட்டுப் பைக்குள் போகிறதா? டூகல் அதையே பார்த்தபடி பின்னால் கிடந்த பந்துக்கு மேல் நின்றான். குழியில் நட்ட கொடிக்குத் தூரத்தில் இருப்பவன்தான் முதலில் அடிக்க வேண்டும். கீழே குனிந்து பார்க்காமலே அடித்தான். இத்தனை வருஷத்தில் அப்படியொரு அடி விழுந்ததில்லை. பந்து குழிக்கு ஒரு முழத்தில் போய் நின்றது. அடுத்து லாக்லன் அடித்தது ஓரப் புல்லோடு நின்றுவிட்டது.

கொடிக்குப் பக்கத்தில் எய்லி கோப்பையோடு காத்திருந்தாள். பஸ் ஓட்டுகிறவள், கிளப்புக்குச் செயலாளர்.

“எய்லி, இவன் பந்தை எடுத்துப் பாரு,” என்றான் டூகல். “சாயங்காலத்துலேர்ந்து ஏமாத்துறான்.”

லாக்லனின் முகம் சிவந்தது. “அக்கா புருஷன்னு பாக்குறேன்,” என்றான்.

எய்லி பந்தைத் திருப்பினாள். “ரெண்டு சிவப்புப் புள்ளி.”

“பாத்தியா! அது என்னுது! என் பந்தையே எடுத்து அடிச்சிருக்கான்!”

“அப்ப குழிகிட்ட கிடக்குறது?”

அவளே போய் எடுத்தாள். நீலச் சிலுவை.

“ரெண்டு பேரும் மாத்தி அடிச்சிருக்கீங்க,” என்றாள் எய்லி. “யாரு மொதல்ல தப்புப் பந்தை அடிச்சாங்களோ அவங்களுக்குக் குழி போச்சு. யாருன்னு தெரியலைன்னா அப்படியே ஆடி முடிக்கலாம். யாரு மொதல்ல?”

ஆடி முடித்தால் டூகலுக்கு மிச்சம் ஒரு முழம். பலகை, பொன்னெழுத்து எல்லாம் அந்த ஒரு முழத்தில் இருந்தது.

“ஞாபகம் இல்ல,” என்றான் லாக்லன், கடலைப் பார்த்துக்கொண்டு. “மூட்டமா இருந்துச்சு.”

டூகல் அவனை உற்றுப் பார்த்தான். ஏன் இப்படிச் சொல்கிறான்? விட்டுக்கொடுக்கிறானா, நாளைக்கு ஊரெல்லாம் சொல்லிக்காட்டவா? எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அடையாளம் தெரியாத பந்துபோல இருந்தது அந்த முகம். தான் அடித்தது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

“நான்தான்,” என்றான். “மொதல்ல நான்தான் அடிச்சேன்.”

எய்லி கோப்பையை லாக்லனிடம் கொடுத்தாள். மூவரும் கை குலுக்கினார்கள். கொட்டகைக்கு டீ குடிக்க டூகல் போகவில்லை. ஜூன் மாசத்து வெளிச்சம் இன்னும் நிறைய பாக்கி இருந்தது. நேராகப் பதினொன்றாவது குழிக்கு நடந்தான். அந்த முள்புதருக்குள் இன்னொரு நீலச் சிலுவைப் பந்து கிடக்க வேண்டும். கிடந்தால், அவன் பைத்தியக்காரன் இல்லை.

முட்டி போட்டு, கையை விட்டுத் துழாவினான். முள் முழங்கை வரை கிழித்தது. பழைய பந்து மூன்று கிடைத்தது. ஒன்றில்கூடச் சிலுவை இல்லை. இன்னும் ஆழமாகக் கையை விட்டான்.

பின்னால் மீன் வாடை அடித்தது. லாக்லன் ரெண்டு கையிலும் டீயோடு நின்றான்.

“கிடைச்சுதா?”

“இல்ல.”

“எந்திரி மச்சான்,” என்றான் லாக்லன். “மூணு நிமிஷம் எப்பவோ முடிஞ்சுபோச்சு.”