கைமாறாத அப்பம்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். வஞ்சம் வைத்த ஒருத்தியின் கதை சொல்லப்போகிறேன். திட்டுவதா மெச்சுவதா என்று கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவள் ரொட்டிக்கடைக்காரி. புருஷன் ஒரு சலவை ஆலையில் கொதிகலன் பார்த்தவன். ஒருநாள் கொதிகலன் வெடித்து, துணி மடிக்கும் பெண் ஒருத்தி செத்துப்போனாள். ஆவி மிஞ்சினால் தானாகத் திறக்க வேண்டிய வால்வைக் கம்பி போட்டு இறுக்கியவன் சூப்பர்வைசர். வேலை நின்றுவிடக் கூடாதே என்ற அவசரம் அவனுக்கு. விசாரணையில் கூசாமல் புருஷனைக் கைகாட்டினான். புருஷன் கண்ணால் கண்டதைச் சொன்னான், யார் நம்பினார்கள்? ஏழு வருஷம் சிறை.

மூன்றாம் வருஷம் அந்தச் சூப்பர்வைசர் அவள் போகும் சபையிலேயே வந்து சேர்ந்தான். சாட்சி சொல்ல எழுந்தான். "நான் பெரிய பாவி. ஆனா என் தண்டனைய எனக்குப் பதிலா ஒருத்தர் சுமந்துட்டாரு!" சபையே உருகியது. அவளோ சிறையில் கிடக்கும் புருஷனை நினைத்துக்கொண்டாள்.

அந்தச் சபையில் திருவிருந்து அப்பத்தைப் போதகர் கொடுப்பதில்லை. ஒரே அப்பம் வரிசையாகக் கைமாறும். பக்கத்தில் இருப்பவருக்குப் பிட்டு, "உங்களுக்காகப் பிட்கப்பட்டது" என்று சொல்லித் தர வேண்டும். அதைச் சுடுகிறவளும் அவள்தான். அடுத்த ஞாயிறு மாவு பிசையும்போதே முடிவெடுத்துவிட்டாள். நேரே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தங்கச்சி, மனசுல ஒண்ணும் வச்சுக்கலயே?" என்றான்.

அவள் சிரித்தாள். அப்பம் அவள் கைக்கு வந்தது. ஒரு துண்டு பிட்டாள். அவன் கை நீட்டினான். அவள் தரவில்லை.

"அண்ணே, உங்களுக்காகச் சுமந்தவரு யாரு?"

"இயேசப்பாதான், தங்கச்சி."

"அவரு மனசார சுமந்தாரு. என் வீட்டுக்காரர சிலுவையில ஏத்தினது நீங்கதானே? அவருகிட்ட யாரு சம்மதம் கேட்டா?"

சபையே திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசைப் பெரியவர் மட்டும், "ஏம்மா, அப்பம் இந்தப் பக்கம் வருமா, வராதா?" என்றார்.

"அண்ணன் வாயத் திறந்தா வரும் தாத்தா."

போதகர் இறங்கி வந்தார். "அம்மா, மன்னிக்கிறதுன்னா..."

"மன்னிக்கிறேன் ஐயா. எதைன்னு அவரு சொல்லட்டும்."

அவன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். அத்தனை கண்களும் அவன் மேல். "கம்பிய... நான்தான் கட்டினேன்."

"எனக்குத் தெரியும். போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லுங்க."

போதகரே அவன் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அவனுக்கென்று பிட்ட அப்பத்துண்டை அவள் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, மிச்ச அப்பத்தை அடுத்தவர் பக்கம் தள்ளிவிட்டாள். தான் ஒரு பொட்டும் தின்னவில்லை.

நாலு மாதத்தில் புருஷன் வீடு வந்தான். சூப்பர்வைசர் உள்ளே போனான். கைதிகளைப் பார்க்க விடும் முதல் மனுநாளிலேயே அவள் போய், கம்பி வழியாகக் கைக்குட்டையை நீட்டினாள். அப்பம் கல்லாகியிருந்தது.

"உங்க பங்கு அண்ணே. பத்திரமா வச்சிருந்தேன்."

"கடிக்க முடியலையே தங்கச்சி."

"ஊற வச்சுத் தின்னுங்க. நெறைய வருஷம் கெடக்கு."

பிறகு, "உங்களுக்காகப் பிட்கப்பட்டது" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள்; ஆனாலும் சொன்னாள்.

உங்கள் பழியை இன்னொருவர் சுமக்க வேண்டாம், இன்னொருவர் பழி உங்கள் வாசல் ஏறவும் வேண்டாம். உங்கள் வீட்டில் அப்பம் கைமாறும்போது எந்தக் கையும் நடுங்காதிருக்கட்டும், கண்ணுகளா.