மச்சம் இருக்கும் பக்கம்

அக்கா செப்புத் தகட்டில் ஊசியால் கீறி அம்மாவை வரைந்தாள். அந்தக் கீறல்களில் மையைத் தேய்த்து, ஈரக் காகிதம் வைத்து, உருளைக்கு அடியில் ஓட்டினால் படம். முதல் பிரதியைக் கூடத்தில் மாட்டியதும் அம்மா வரிந்துகட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏண்டி, எனக்கு மச்சம் இடது கன்னத்துல. நீ வலது கன்னத்துல வச்சிருக்க. பெத்தவ மூஞ்சி கூடவா மறந்துபோச்சு?"

"தகட்டுல சரியாத்தான் இருக்கும்மா. அச்சுல இடம் வலமா திரும்பி விழும்."

"அப்ப இது நான் இல்ல. கண்ணாடிக்குள்ள இருக்கிறவ."

படத்திலிருந்த அவளை விலைக்கு வாங்க வந்தவர்களுக்கு இந்த வழக்கு தெரியாது. பூதக்கண்ணாடியும் கையுமாகக் குனிந்து, தாடையோரத்தில் பஞ்சு மாதிரி படர்ந்த கறுப்பைப் பார்த்து உருகினார்கள். எந்த மெஷினாலும் அது வராதாம். கீறலின் ஓரத்தில் எழும்பி நிற்கும் செம்புச் சிலும்புதான் அந்தக் கறுப்பைத் தருகிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் அது தேயும் என்றாள் அக்கா.

அம்மாவும் தேய்வாள் என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கே தெரியாது.

பிரதிகள் ஓட ஓட, முதலில் அம்மாவின் குரல் போனது. அப்பா அதை வரமாகவே எடுத்துக்கொண்டார். பிறகு நிறம் வெளுத்தது. பக்கத்து வீட்டு அத்தை என்ன கிரீம் என்று கேட்டாள். டாக்டர் சத்து மாத்திரை எழுதினார். ஒரு மாலை அம்மா சோபாவில் உட்கார்ந்திருந்தபோது, அவளுக்குப் பின்னால் இருந்த பூப்போட்ட உறை அவள் ஊடாகவே எனக்குத் தெரிந்தது. மச்சத்தைக் காணோம்.

அக்கா வெளியூர்க் கண்காட்சிக்குப் போயிருந்தாள். அப்பா கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். தன் ஒற்றைக்கண் லென்ஸை மாட்டிக்கொண்டு தகட்டை ஆராய்ந்தார்.

"இதுலயும் மச்சம் இல்லடா."

"அப்பா, கை வைக்காதீங்க. அக்கா வரட்டும்."

"அவ வர்றவரைக்கும் உங்கம்மா இருக்கணுமேடா!"

ஊசியை எடுத்தார். மங்கிய கோடுகளின் மேலேயே மயிரளவும் பிசகாமல் கீறிக்கொண்டு போனார். மச்சம் இருந்த இடத்தில் மட்டும் தடயமே இல்லை. நிமிர்ந்து, சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். அதில் இருந்தபடியே, அதே பக்கத்தில், அழுத்தமாக ஒரு புள்ளி வைத்தார். நான்தான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அச்சில் பக்கம் மாறி விழும் என்பது எனக்கும் உறைக்கவில்லை.

சமையலறையிலிருந்து கணீரென்று ஒரு குரல்.

"டீ வேணுமா யாருக்காவது?"

அப்பா அழுதேவிட்டார். ஆனால் அம்மா அப்படியெல்லாம் கேட்கிற ரகமில்லை.

வந்தாள். நல்ல நிறம், நல்ல சிரிப்பு. வலது கன்னத்தில் கன்னங்கரேலென்று மச்சம். இடது கையில் கரண்டி. சுவரிலிருந்த படத்தின் முன்னால் நின்று தலையாட்டினாள்.

"அச்சு அசல் நானேதான்!"

பிறகு கூடத்துக் கண்ணாடியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

"எதுக்கும்மா அது?" என்றேன்.

"அதுக்குள்ள ஒருத்தி நின்னுக்கிட்டு ஓயாம திட்டிக்கிட்டே இருக்காடா. நல்லவேளை, சத்தம் வெளிய வரல."

அப்பா துண்டை விலக்கப் போனார். கை பாதியில் நின்றது. திரும்பி, தகட்டையும் சுவரிலிருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.