நாலு முட்டையும் ஒரு திருக்கையும்

காலை பத்தரைக்குக் கரண்ட் போனது. பெரிய ஜெனரேட்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது. இருந்த சின்னது ஒரே ஓர் அறையைத்தான் தாங்கும்.

அழிந்துவரும் உயிர்களை வளர்க்கும் அந்தக் காப்பகத்தில் பறவை அறை அவள் பொறுப்பு; எதிரே மீன்தொட்டி அறை அவள் கணவன் பொறுப்பு. அவளிடம் இருந்தவை, காட்டில் முப்பதே முப்பது மிஞ்சியிருந்த ஒரு பாட்டுக்குருவியின் நான்கு முட்டைகள், இன்குபேட்டர் பெட்டியில். அவனிடம், வயிற்றில் குட்டியோடு ஒரு திருக்கை மீன்.

மேலாளர் வியர்வையைத் துடைத்தபடி ஓடிவந்தார்.

"ரெண்டுல எதுக்குக் கரண்ட் குடுக்கறது? அஞ்சு நிமிஷத்துல பேசிச் சொல்லுங்க. எனக்குத் தலையே சுத்துது."

"குருவிக்கே குடுங்க சார்," என்றான் கணவன், அவள் முகத்தைப் பார்க்காமல். "முப்பதுதான் இருக்கு. திருக்கையை யாரும் எண்ணினதுகூட இல்ல."

"எண்ணலைன்னா நிறைய இருக்குன்னு அர்த்தமாங்க?"

கேட்டுவிட்டு அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். குருவி ஒரே ஈட்டில் நாலு முட்டை இடும். திருக்கை வருஷம் பூராவும் காத்திருந்து ஒன்றோ இரண்டோ குட்டி போடும். எதை எதோடு வைத்துப் பார்ப்பது? தொட்டியை எட்டிப் பார்த்தாள். மணலோடு மணலாகக் கிடந்த மீனின் கண்ணுக்குப் பின்னாலிருந்த மூச்சுத் துளைகள் படபடவென மூடித் திறந்தன.

"சார், மீனுக்கே போடுங்க."

"பைத்தியமா உனக்கு?" என்றான் கணவன்.

"முட்டைக்குச் சூடுதானே வேணும்? அது என் உடம்புல இருக்கு. உங்க மீனுக்குத் தண்ணிக்குள்ள காத்து வேணும். யாரு ஊதுவா, நீங்களா?"

முட்டைகளைப் பஞ்சில் பொதிந்து, சட்டைக்குள் மார்போடு வைத்து, துண்டால் கட்டிக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்தவள் அப்புறம் அசையவில்லை. இருமல் வந்தது, விழுங்கினாள். மூக்கு அரித்தது, கணவன் சொறிந்துவிட்டான்.

"மூச்சாவது விடு."

"பேசாதீங்க. சிரிப்பு வந்தா உடைஞ்சுரும்."

அவன் சிரிக்கிற நிலையில் இல்லை. தொட்டிக்கும் அவளுக்குமாக நடந்தே மாய்ந்தான்.

இரண்டேகாலுக்குக் கரண்ட் வந்தது. முட்டைகளை ஒவ்வொன்றாக டார்ச் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஓட்டுக்குள் பார்த்தாள். மூன்றில் சிவந்த நரம்புகளுக்கு நடுவே ஏதோ துடித்தது. நான்காவதில் துடிப்பு இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள், இல்லை.

நான்காம் நாள் திருக்கை இரண்டு குட்டி போட்டது. அந்த வாரமே மூன்று குஞ்சுகளும் பொரிந்தன. மேலாளர் எல்லோரிடமும் அவளைப் புகழ்ந்தார். அவளோ இரண்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

"பெட்டியில இருந்திருந்தா அதுவும் பொழைச்சிருக்குமோ?"

"தெரியலம்மா," என்றான் கணவன். பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.