ஊறல் அல்ல, சோப்புத் தண்ணீர்

1

இந்தக் கதையில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. எங்கள் தெரு வேம்புலியம்மன் முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

கதை பிறந்த இடம், சேக்காட்டில் எங்கள் வீட்டுச் சமையலறை மூலை. அங்கேதான் என் மகள் விஜி எலுமிச்சைத் தோலையும் வெல்லத்தையும் தண்ணீர் கேனில் போட்டு, தண்ணீர் ஊற்றி மூடி வைத்தாள். மூன்று மாதம் புளித்தால் துணி துவைக்கிற திரவமாகிவிடுமாம். கடைப் பவுடர் ஏரியைக் கெடுக்கிறதாம். (எந்த ஏரி என்று கேட்டேன். ஆவடியில் மிச்சமிருக்கிற எல்லா ஏரியும் என்றாள்.)

உள்ளே காற்று சேரும், தினமும் மூடியைத் திறந்து மூட வேண்டும் என்றாள். அந்த உத்தியோகம் எனக்கு வந்தது. பாடியில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் பிரஷர் என்னை விடவில்லை.

2

முதல் வரியை இப்படித்தான் எழுதினேன்: ‘எலுமிச்சையின் நறுமணம் வீடெங்கும் பரவ, இளங்காலைச் சூரியன் மெல்ல——’

வேண்டாம். பரவியது நறுமணம் அல்ல.

இரண்டாவது முயற்சி: ‘புளித்த வெல்லமும் அழுகின தோலும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறி மண்டையில் உட்கார்ந்து——’

இது உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் சோப்புக் கதை படிக்க வந்தவர் எழுந்து போய்விடுவார். ஆகவே என் கூட்டாளி துலுக்கானத்தை வைத்தே ஆரம்பிக்கிறேன். அவன் வாசலில் நின்று காற்றை இழுத்துப் பார்த்தான்.

“இன்னா மாமே, ஊட்டுக்குள்ளயே ஊறல் போட்டுகினு கீறியா?”

(ஊறல் தெரியாத நல்லவர்களுக்கு: சாராயம் காய்ச்சுவதற்காக வெல்லத்தையும் பழத்தையும் தண்ணீரில் போட்டுப் புளிக்கவிடுவது.)

“துணி தொவைக்கிற சோப்புடா அது.”

“வெல்லம் போட்டு எவன் சோப்பு செய்றான்? சரி, எனக்கும் ஒரு டம்ளர் சோப்பு எடுத்து வையி.”

சாயங்காலத்துக்குள் சேதி பரவி, தெருவே எனக்கு மரியாதையாக வணக்கம் வைத்தது. என் மனைவி ஹேமாவதியும் உதவவில்லை.

“நீ தெனம் அதும் முன்னாடி குந்திகினு மூடியத் தொறந்து மூடுறதப் பாத்தா, நானே நம்பிடுவேன் போலகீது.”

அவளுக்கு வேறு கோபம். விஜி தன் தோழியிடமிருந்து தயாரான திரவம் கொஞ்சம் வாங்கி வந்து துணி ஊறவைத்திருந்தாள். “நொரையே இல்ல. நொர இல்லாம அழுக்கு எப்டிடி போவும்? வெக்கப்பட்டுகினு தானா எறங்கிப் போவுமா?” விஜி ஆபீஸ் போனதும் எல்லாவற்றையும் பவுடர் போட்டு மறுபடி துவைத்தாள். சாயங்காலம் விஜி என் சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “பாத்தீங்களா, இயற்கை எப்டி வெளுத்திருக்குன்னு” என்றாள். நாங்கள் இருவரும் இயற்கையைப் பாராட்டினோம்.

3

இதுவரை எழுதியது வெறும் வீட்டுத் தொல்லை. இனி வருவது கல்யாண விஷயம்.

விஜியும் அவளோடு வேலை பார்க்கும் நிர்மலும் கல்யாணம் செய்துகொள்வதென்று பேசி முடிவு செய்திருந்தார்கள். நிர்மலின் அப்பா அய்யாசாமி, விழுப்புரம் பக்கமிருந்து வந்து பூந்தமல்லியில் ஃபிளாட் வாங்கியவர். அண்ணனைச் சாராயத்துக்குப் பறிகொடுத்தவர். குடி புழங்குகிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கமாட்டார். அவர் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தது.

“அவர் வேணாம்னா நிர்மல் மீறி வரமாட்டாருப்பா” என்றாள் விஜி. “எனக்கு வேற யாரும் வேணாம்.”

“அப்ப அந்தக் கேனைத் துலுக்கானம் ஊட்ல வச்சிட்டு வரேன்.”

“எதுக்கு ஒளிக்கணும்? நாம இன்னா தப்பு பண்ணிட்டோம்?”

(இந்த விஜி என்கிற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. நானாகக் கற்பனை செய்திருந்தால் கேனை மொட்டை மாடிக்கு ஏற்றியிருப்பாள். பெற்றதால் திருத்த முடியவில்லை.)

4

ஞாயிற்றுக்கிழமை, வீடு கூட்டித் துடைத்த அவசரத்தில் மூடியைத் திறந்துவிட மறந்துபோனேன். அய்யாசாமி கேசரித் தட்டைக் கையில் வாங்கியதும் கேன் வெடித்தது. மூடி சமையலறையிலிருந்து பறந்து வந்து, கூடத்து ஃபேனில் அடிபட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, கேசரியின் மேல் உட்கார்ந்தது. வாடை கூடத்தை நிரப்பியது. ஜன்னல் கம்பியில் இருந்த காக்கை ஒற்றைக் காலில் தள்ளாடியது. (சத்தியம் முதல் பத்தியிலேயே இருக்கிறது.)

அய்யாசாமி தட்டைக் கீழே வைத்தார். “என்ன வாடை இது?”

“துணி தொவைக்கிறது, மாமா” என்றாள் விஜி.

“எங்க அண்ணன் வீட்லயும் இதே வாடைதாம்மா அடிக்கும். அங்கயும் எதாவது ஒரு பேரு சொல்லுவாங்க.”

நிர்மல் தரையைப் பார்த்தான். அய்யாசாமி என் பக்கம் திரும்பினார்.

“பொண்ணப் பெத்தவரு நீங்க. ஒரு தடவ மோந்து பாத்துட்டு, சோப்பா சாராயமான்னு நீங்களே சொல்லுங்க. உங்க வார்த்தைய நம்புறேன்.”

எழுந்து சமையலறை மூலைக்குப் போனேன். கேனுக்குள் மூக்கைவிட்டு, நெஞ்சு நிறைய இழுத்தேன்.

“சோப்புதான் சம்பந்தி. எலுமிச்ச வாசன மட்டுந்தான் வருது.”

(சம்பந்தி என்கிற சொல் முந்திக்கொண்டது. கோடு போட்டு அடிக்காமல் விடுகிறேன்.)

5

முடிவு அ: அய்யாசாமி மூடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கேசரியை ஒரு வாய்——

முடிவு ஆ: செருப்பை மாட்டிக்கொண்டார். நிர்மல் வாசலில் ஒரு நிமிடம் நின்று, திரும்பி——

ஹேமாவதி எட்டிப் பார்த்து, “கல்யாணம் ஆச்சின்னு எய்தேன். பேனாதான, தேஞ்சா பூடும்?” என்கிறாள். சத்தியம் செய்துவிட்டு எப்படி எழுதுவது?

அய்யாசாமி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். விஜி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அங்கேயே விடுகிறேன். அவருடைய நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். என் வார்த்தையை நம்பலாமா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

சொல்வதற்கு முன்னால் ஒரு தகவல். கொரோனா வந்துபோனதிலிருந்து எனக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை.