அறிவுச்செல்வி கல்யாணக் கேசட்டும் அமலராணியின் வாயும்

வாங்க கண்ணுகளா, செத்த நெருங்கி உக்காருங்க. ஃபேனுக்குக் கீழ இன்னும் இடம் கிடக்கு. ஒரு பொம்பளை தன் வாயைத் தானே கம்ப்யூட்டர்ல ஏத்தி, பஸ்ஸில அனுப்பி வச்ச கதையைச் சொல்றேன். தாராளமாச் சிரிக்கலாம், அவளே சிரிச்சுட்டா.

திண்டுக்கல்லில் அமலராணி என்று ஒருத்தி. மகன் துபாயில். அவனோடு பேசுவதற்கென்று வாங்கிப் போட்ட கம்ப்யூட்டரும், அதன் பக்கத்தில் கொக்குக் கழுத்து மாதிரி வளைந்த ஒரு மைக்கும் வீட்டில் உண்டு. இரண்டாயிரத்து ஆறாம் வருசம் லீவில் வந்த மகன், பழைய வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். வீட்டிலிருந்த பழைய டெக்கில் அதை மாட்டி, மஞ்சள் ஒயர் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு என்று காட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அமலராணியின் நடையே மாறிப்போனது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம், "கேசட் ஏறுது, கேப்சர் ஓடுது, அப்புறம் வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு, மூன்று நாள் விறகடுப்பில் சமைத்தவள் அவள்.

இவளுக்கு ஒரு கவலை இருந்தது. மகள் சத்யபிரியாவுக்குத் தை மாதம் மாதா கோயிலில் கல்யாண மந்திரிப்பு. பொண்ணுக்கு அத்தைக்காரி முன்னால் நின்றுதான் முக்காடு போட்டுவிட வேண்டும். அத்தைக்காரியோ பக்கத்து ஊரான எரியோட்டில் முறுக்கிக்கொண்டு இருந்தாள். அவள்தான் அறிவுச்செல்வி, அமலராணியின் வீட்டுக்காரர் பிராங்க்ளினுக்குத் தங்கச்சி. மகன் சின்னப் பையனாக இருந்தபோது, அவன் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் அறிவுச்செல்வியின் மாமியாரை முதல் பந்திக்குக் கூப்பிட மறந்துபோனாள் அமலராணி. கிழவி சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டது. அன்றைக்கு நின்ற பேச்சு.

இந்த நிலைமையில் ஒரு நாள் எரியோட்டிலிருந்து போன்.

"மதினி, எங்க கல்யாணக் கேசட்டுல பூஞ்சை புடிக்குது. நீங்க சிடியில ஏத்துவீங்களாமே."

அம்புட்டுதான் பேச்சு. ஆனால் 'மதினி' என்ற அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு அமலராணிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "கொடுத்து விடு தாயி, தங்கமாட்டம் ஏத்தித் தாரேன்" என்றாள்.

கேசட்டை ஏற்றுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மூன்று மணி நேரக் கேசட் மூன்று மணி நேரமும் ஓடித்தான் தீரும். நடுவில் எழுந்து போனால் டேப் சிக்கிக்கொள்ளுமோ என்று பயம். துணைக்குப் பக்கத்து வீட்டுக் கமர்ஜஹான் முறத்தில் பூண்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பிராங்க்ளின் மத்தியானத் தூக்கத்தில் இருந்ததால் கம்ப்யூட்டர் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டார்கள். ஊமைப் படம் ஓடியது. ரெண்டு பொம்பளைகள், மூணு மணி நேரம், எதிரில் ஒரு கல்யாணக் கூட்டம். வாய் சும்மா இருக்குமா, சொல்லுங்க.

முடிந்ததும் படம் பளிச்சென்று இருக்கிறதா என்று மட்டும் ஓட்டிப் பார்த்தாள் அமலராணி. இருந்தது. மறுநாள் காலையில் சிடிக்களைப் பொட்டலம் கட்டி, எரியோடு வழியாகப் போகிற பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டாள்.

வீடு திரும்பினால், உள்ளே தன் குரல் கேட்டது. தான் இங்கே நிற்க, தன் குரல் மட்டும் எப்படி உள்ளே போனது என்று எட்டிப் பார்த்தாள். பிராங்க்ளின் வீட்டுக்கென்று எடுத்து வைத்த சிடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் மாலையும் கழுத்துமாக அறிவுச்செல்வி. சினிமாப் பாட்டுக்குப் பதில் அமலராணி.

"பொண்ணு மூஞ்சியப் பாரு கமரு, பல்வலிக்காரி மாதிரி. மாப்பிள்ளை கோட்டு வாடகைக் கோட்டு, கை நகமே தெரியல."

பிராங்க்ளின் திரும்பினார். "நீ சத்தத்துக்கு எதைத் தொட்டு விட்ட?"

"மைக்குன்னு போட்டிருந்துச்சு. சத்தம்னா மைக்குதானேன்னு..."

"கேசட் சத்தம் ஒயருல வருது. மைக்கு உன் வாயைப் புடிக்கும்." தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னும் என்னென்ன பேசுன?"

"எனக்கு எங்க ஞாபகம். நல்லதா எதுவும் பேசியிருக்க மாட்டேன்."

போன் போட்டார்கள், எரியோட்டில் யாரும் எடுக்கவில்லை. அமலராணி அடுத்த பஸ்ஸில் ஓடினாள். வழியெல்லாம் அந்தோணியாரிடம் ஒரே ஜெபம்: ஐயா, தினமும் போகிற கரண்டு இன்றைக்கும் எரியோட்டில் போயிருக்க வேண்டும். ஊருக்குக் கரண்டு வேண்டிக்கொள்பவர்களைத்தான் பார்த்திருக்கிறோம், போகவேண்டும் என்று வேண்டிய முதல் ஆள் நானாகத்தான் இருக்கும் என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கம்ப்யூட்டர்காரியாம். கரண்டி பிடிக்கிற கைக்கு இதெல்லாம் கேட்டதா?

கரண்டு போகவில்லை. வாசலில் செருப்புகள் ஒரு பந்திக்கு ஆகிற மாதிரி கிடந்தன. உள்ளே தெருவே உட்கார்ந்திருந்தது. நடு நாற்காலியில் மாமியார்க் கிழவி. திரையில் கிழவி பட்டுச்சேலையில் வர, அமலராணியின் குரல் வீடு நிறைய ஒலித்தது.

"இந்தம்மாவத்தான் கமரு, விருந்தன்னிக்குப் பந்திக்குக் கூப்பிட விட்டுட்டேன். ரசம் பொங்கி வழியுதுன்னு ஓடுனவ, அப்படியே மறந்துட்டேன். எரியோட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்கலாம்னா, இந்தப் பாழாப்போன வெக்கம் விடமாட்டேங்குது. மகராசி, அதுக்கும் மூக்கு நுனியில கோவம், கத்திரிக்கா மாதிரி ஒரு மூக்கு."

அமலராணி வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கிழவி தன் மூக்கைத் தடவிக்கொண்டது.

"ரசமா பொங்குச்சு?" என்றது.

"ஆமாத்தா."

"அதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன? நீ வேணும்னே விட்டுட்டன்னுல்ல நெனச்சேன்." கிழவி நகர்ந்து இடம் விட்டது. "உக்காரு. இன்னும் யாரை என்ன சொல்லியிருக்கன்னு பாப்போம்."

அறிவுச்செல்வி எழுந்து வந்தாள். முகம் கடுகடு என்றுதான் இருந்தது.

"பல்வலிக்காரியா நான்?"

"வாய் தவறி வந்துருச்சு தாயி. வேற சிடி போட்டுத் தாரேன், இதைக் குடுத்துரு."

"தரமாட்டேன். பழைய கேசட்டுல பூரா சினிமாப் பாட்டுதான். இதுலதான் யாரு யாருன்னு வெளங்குது." பிறகு சொன்னாள், "சத்யாவுக்கு முக்காடு போட நான் வாரேன். ஆனா அவ கல்யாண வீடியோவுக்கு நாந்தான் பேசுவேன். நீங்க பூண்டு உரிச்சுக்கிட்டு வாயைத் தெறக்காம உக்காந்திருக்கணும்."

"எம்புட்டு வேணும்னாலும் பேசு" என்றாள் அமலராணி. சொல்லும்போதே, அவள் வாயில் விழாமலிருக்கத் தை மாசத்துக்குள் உடம்பைக் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்று மனசுக்குள் முடிவெடுத்தாள். தை மாசம் வந்தது, உடம்பு இளைக்கவில்லை. அறிவுச்செல்வி முன்னால் நின்று முக்காடு போட்டாள். பிறகு கல்யாண வீடியோ ஓடியபோது மைக்கைப் பிடித்தவள், மதினி வருகிற இடமெல்லாம் மூச்சு விடாமல் பேசித் தீர்த்தாள்.

அம்புட்டுதான் கண்ணுகளா. பேச்சு நின்னுபோன சொந்தமெல்லாம் உங்க வீட்டு விசேசத்துக்கு முதல் பந்தியில வந்து உக்காரட்டும். உங்க வீட்டுல உலை கொதிக்கிற சத்தமும் ஆளுக சிரிக்கிற சத்தமும் ஓயாம இருக்கட்டும். புள்ளைகுட்டிகளோட நல்லா இருங்க.