ஒப்ராத் கேட்டு வாங்கித் தந்த வேலை

வேலையை விட்டதற்காக நெவெனா பெரிதாக வருத்தப்படவில்லை. அந்த வேலையின் லட்சணம் அப்படி. ஆனால் விட்ட விஷயத்தை ஒப்ராத் மாமாவிடம் சொல்லாமல் இத்தனை நாள் கடத்திவிட்டாளே, அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

ஒப்ராத் அவளுடைய ஞானத் தகப்பன். எங்கள் பக்கத்தில் ஞானத் தகப்பன் என்பது ஞானஸ்நானத்தன்று படம் எடுத்துக்கொள்ள வந்து நிற்கிற உறவு இல்லை. பெற்ற பிள்ளையைக்கூடக் கொஞ்சம் பொறு என்று நிறுத்திவிட்டு ஞானப் பிள்ளையின் காரியத்தை முதலில் முடித்துக் கொடுக்க வேண்டும். அது நியாயமா என்று யாரும் கேட்பதில்லை. நெவெனாவின் அப்பா போய்ச் சேர்ந்த பிறகு குளிர்காலத்துக்கு விறகு பிளந்து போட்டதிலிருந்து கூரை ஓடு மாற்றியது வரை எல்லாம் ஒப்ராத்தான்.

இந்த வேலையும் அவர் தயவில் வந்ததுதான். வெள்ளம் வந்த வருஷம் தொமானிச் என்பவரின் பிள்ளையை மொராவா ஆற்றிலிருந்து தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டவர் ஒப்ராத். அந்தத் தொமானிச் இப்போது ஊர்த் தண்ணீர் நிலையத்தின் தலைவர். என்ன வேண்டுமானாலும் கேள் என்று அவர் அன்றைக்கே கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். இப்போது ஒன்றும் வேண்டாம், அப்புறம் கேட்கிறேன் என்று ஒப்ராத் சொல்லிவைத்தார். அந்த அப்புறம் யாருக்காக என்று ஊருக்கே தெரியும். ஒப்ராத்தின் மகன் ஸ்ரெதென் வெளிநாட்டில், கிராட்ஸ் நகரத்தில் கட்டட வேலைக்குப் போய் வருஷக்கணக்காகிறது. நெவெனா படித்த அதே தொழிற்பள்ளியில், அதே ரசாயனப் பிரிவில் படித்தவன்தான். பெண்டாட்டியும் இரண்டு பெண் குழந்தைகளும் ஒப்ராத் வீட்டில். சின்னவளுக்கு அப்பா என்றால் கைபேசிக்குள் இருக்கிற ஆள். ஸ்ரெதெனுக்குத் தண்ணீர் நிலையத்தில் ஒரு இடம் வாங்கிக் கொடுத்துவிட்டால் பிள்ளை வீடு வந்து சேருவான் என்று ஒப்ராத்தின் மனைவி ஸகோர்க்கா மெழுகுவத்தி ஏற்றாத கோயில் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் நெவெனாவின் அம்மா ஸ்தொயங்கா அவர்கள் வீட்டு அடுக்களையில் போய் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். பெண் படித்து முடித்து வீட்டில் சும்மா கிடக்கிறாளே என்று. மறுநாள் காலை ஒப்ராத், தான் காய்ச்சிய பிளம் சாராயம் ஒரு புட்டியை எடுத்துக்கொண்டு தொமானிச்சிடம் போனார். மகனுக்கு என்று வைத்திருந்ததை ஞானப் பெண்ணுக்காகக் கேட்டு வாங்கி வந்தார். ஸகோர்க்கா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அப்புறம் அவளே நெவெனாவுக்கு ஆய்வுக்கூடத்தில் போட்டுக்கொள்ள ஒரு வெள்ளைக் கோட்டு வாங்கிக்கொண்டு வந்து, தோளில் வைத்து அளவு பார்த்துவிட்டுப் போனாள்.

அந்தக் கோட்டில் ஒரு கறை படவில்லை. படுவதற்கு வேலை என்று ஒன்று இருக்க வேண்டுமே. ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்த அம்மாள் முதுகுவலி என்று விடுப்பில் போயிருந்தாள். எப்போது வருவாள் என்று அவள் முதுகுக்கே தெரியாது. சோதிக்க வேண்டிய தண்ணீரைப் புட்டியில் அடைத்து வேறொரு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு பேர் பார்க்கிற வேலைக்கு ஆறு பேர் உட்கார்ந்திருந்த அறையில் ஏழாவதாக ஒரு நாற்காலியைப் போட்டு நெவெனாவை உட்கார வைத்தார்கள். காப்பி போட்டாள். கோப்பை கழுவினாள். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். மிச்ச நேரம் ஈ ஓட்டினாள். அக்டோபர் பிறந்து குளிர் ஏற, அந்த ஈயும் செத்துப்போயிற்று.

ஏதாவது வேலை கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டும் பார்த்தாள். பக்கத்து நாற்காலி வெஸ்னா நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"சம்பளம் வருதுல்ல? வேலையும் வேற வேணுமா உனக்கு? பேசாம உக்காருடி, எங்க மானத்தையும் வாங்காத."

படித்தது கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருகிறது என்று நெவெனாவுக்குப் பயமாகிவிட்டது. ஒருநாள் காலையில் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நேரே தொமானிச்சின் அறைக்குப் போய், நான் நின்றுகொள்கிறேன் என்றாள். அந்த ஆள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"ஒப்ராத்துக்குத் தெரியுமா?"

"தெரியும். சரின்னுட்டார்."

பாவி, எங்கிருந்துதான் அந்தப் பொய் வந்ததோ. தெரியாது என்றால் அவர் அந்த நிமிஷமே தொலைபேசியை எடுப்பார் என்ற பயம். தொமானிச் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். அப்படியானால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாமா என்று இழுத்தார். தாராளமாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள், வாசலில் நின்று நெஞ்சு நிறைய ஒரு மூச்சு விட்டாள்.

மறுநாளிலிருந்து வேலைக்குப் போகிற மாதிரியே கிளம்பி, சாச்சாக் ஊருக்குப் பேருந்து ஏறினாள். அம்மா வாசலில் நின்று கையசைப்பாள். நெவெனாவுக்குத் திரும்பிப் பார்க்கக் கூசும். சாச்சாக்கில் ஏறாத படி இல்லை. சாய ஆலையில் ஆள் போதும் என்றார்கள். பால் பண்ணையில் ஒரு பெரிய மனிதர் அவள் படிப்பைத் தவிர மற்றதையெல்லாம் விசாரித்தார். கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது என்று. இன்னொரு இடத்தில் ஆய்வுக்கூடம் என்று சொல்லிவிட்டு அட்டைப்பெட்டி ஒட்டக் கூப்பிட்டார்கள். நடந்து நடந்து கால் வீங்கிய ஒருநாள் பழச்சாறு ஆலை ஒன்றில் போய் நின்றாள். அங்கே பொறுப்பில் இருந்த பெண்மணி கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஒரு குடுவையைக் கையில் கொடுத்து, இதில் புளிப்பு எவ்வளவு இருக்கிறது, பார்த்துச் சொல் என்றாள். நெவெனா பார்த்துச் சொன்னாள். கை தானாக வேலை செய்தது. திங்கட்கிழமை வந்துவிடு என்றாள் அந்தப் பெண்மணி. நெவெனா ஆலைச் சுவர் ஓரமாக நின்று அழுதாள். சந்தோஷத்தில்தான்.

இத்தனை நாளும் அவள் போட்டு வைத்திருந்த கணக்கு இதுதான்: விட்டதை மட்டும் போய்ச் சொன்னால் மாமா மனசு உடைந்துவிடும், வேறு நல்ல வேலை கிடைத்ததும் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வேலை கிடைத்த பிறகும் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள், அதற்குள் ஸ்லாவா வந்துவிட்டது.

ஸ்லாவா என்பது அவரவர் வீட்டுப் புனிதரின் நாள். நெவெனா வீட்டுக்குப் புனித திமித்ரி, நவம்பரில். அன்றைக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. போன வருஷம் வந்தவர்கள் இந்த வருஷமும் வருவார்கள், அவ்வளவுதான். வராதே என்று யாரிடமும் சொல்ல முடியாது, தள்ளிப்போடவும் முடியாது. அதிலும் இவர்கள் வீட்டில் அப்பாவுக்குப் பிறகு ஸ்லாவா ரொட்டியைச் சுழற்றி உடைப்பது நெவெனாவும் ஒப்ராத்தும்தான்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் அம்மா சந்தையில் முட்டைக்கோஸ் வாங்கப் போன இடத்தில் வெஸ்னாவைப் பார்த்துவிட்டாள். குட்டு உடைந்தது. வீட்டுக்கு வந்த அம்மா முட்டைக்கோஸைத் தரையில் போட்டாள். அந்த இடத்தில் தொமானிச்சின் அக்கா பெண் போன வாரம் வந்து உட்கார்ந்தும் விட்டாளாம். அதைக் கேட்டபோது நெவெனாவுக்கு ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது. இனி யாரும் திரும்பப் போ என்று சொல்ல முடியாதே. அம்மாவுக்கோ ஆத்திரம் தாங்கவில்லை.

"நான் அழுது வாங்கின வேலைடி அது. இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவர் முன்னால தட்டை வைப்பேன்? ரொட்டியத் தொடுறதுக்கு முன்னால சொல்லிடு. பொய்யோட அதத் தொட்டின்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

நெவெனா அன்று சாயங்காலமே தொலைபேசியில் கூப்பிட்டாள். பேரக் குழந்தைகள் எடுத்துக் கத்தின. பிறகு ஒப்ராத் வந்து, ஸ்லாவாவுக்குப் பன்றி வறுவல் தன் பொறுப்பு, அம்மாவிடம் சிரமப்பட வேண்டாம் என்று சொல் என்றார். சரி மாமா என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நாளும் வந்தது. காலையில் பாதிரியார் வந்து ரொட்டியை ஆசீர்வதித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார். மேசையில் திமித்ரியின் படத்துக்கு முன்னால் பெரிய மெழுகுவத்தி. முட்டைக்கோஸ் இலையில் கறியைப் பொதிந்து சுருட்டிய சர்மா வெந்து கூடமே மணத்தது. ஒப்ராத் வறுவல் தட்டோடு உள்ளே வந்தார், பின்னால் ஸகோர்க்கா. அக்கம்பக்கத்தார் நாற்காலிகளை நிரப்பினார்கள். எல்லாருக்கும் ஒரு சின்னக் குவளை சாராயம் போனதும் ஒப்ராத்துக்குப் பெருமை பிடிபடவில்லை.

"ஊர்த் தண்ணிய இப்ப நம்ம பொண்ணு பாத்துக்குறா. இனிமே பயமில்லாம குடிங்க," என்றார்.

நீ காய்ச்சுகிற சரக்கு இருக்கும்போது தண்ணீரை யார் குடிக்கப் போகிறார்கள் என்று பக்கத்து வீட்டு மீலுன் கேட்டதில் சிரிப்பு கிளம்பியது. நெவெனா சிரிக்கவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் எழுந்தார்கள். ஒப்ராத் ஒரு பக்கம், நெவெனா ஒரு பக்கம் ரொட்டியைக் கையில் ஏந்தினார்கள். அதை மூன்று முறை சுழற்றினார்கள். கீறிய இடத்தில் ஒயின் ஊற்றினார்கள். இருவர் தலையும் ரொட்டியின் மேல் குனிந்து நெற்றி முட்டுகிற அளவுக்கு நெருங்கியது. அப்போது ஞானத் தகப்பன் சொல்ல வேண்டியதை அவர் சொன்னார்.

"கிறிஸ்து நம்ம நடுவுல இருக்கார்."

இருக்கிறார், இருப்பார் என்று அவள் பதில் சொல்ல வேண்டும்.

"மாமா, நான் வேலையை விட்டுட்டேன்," என்று கிசுகிசுத்தாள். "மூணு வாரமாச்சு. உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

ஒப்ராத்தின் கை ரொட்டியை அழுத்தியது. மற்றவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பதிலாக அவரே, இருக்கார், இருப்பார் என்று உரக்கச் சொல்லி, ரொட்டியை இரண்டாக உடைத்து, அவள் கன்னத்தில் முத்தமிட்டார்.

பந்தி ஆரம்பமானது. ஒப்ராத் சாப்பிடவில்லை. ஒயின் தீர்ந்துவிட்டது, இன்னொரு ஜாடி எடுத்து வருகிறேன் என்று எழுந்தவர், விளக்குப் பிடிக்க வா என்று நெவெனாவைக் கூப்பிட்டுக்கொண்டு நிலவறைக்கு இறங்கினார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. சாச்சாக் வேலையைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். நல்ல இடம்தான், உனக்கு ஏற்ற இடம் என்றார். மனசாரத்தான் சொன்னார். பிறகு பீப்பாயின் மேல் கையை வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"அப்போ அந்தத் தண்ணி நிலையத்து எடம், இப்ப காலியா?"

நெவெனாவுக்கு அந்தக் கணத்தில்தான் புரிந்தது. அவர் கேட்பது ஸ்ரெதெனுக்காக.

"இல்ல மாமா. போன வாரம் தொமானிச்சோட அக்கா பொண்ணப் போட்டுட்டாங்க."

"அதுவரைக்கும் சும்மா கெடந்துச்சா?"

"ஆமா."

"தொமானிச் ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? நான் கேட்டிருப்பேனே."

"உங்களுக்குத் தெரியும்னு நான்தான் சொன்னேன். வேற ஆளைப் பாக்கட்டுமான்னு கேட்டார். பாருங்கன்னுட்டேன்."

ஒப்ராத் பீப்பாயின் குழாயைத் திறந்தார். ஜாடியை நிரப்பினார், அது வழிந்து தரையில் ஓடும்வரை மூட மறந்தார். மேலே கூடத்தில் யாரோ பாட ஆரம்பித்திருந்தார்கள். சின்னப் பேத்தி முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியில் அப்பாவுக்கு ஊட்டிவிடப் பார்க்கும் என்று மாமா எப்போதோ சிரித்துக்கொண்டே சொன்னது நெவெனாவுக்கு அப்போது நினைவு வந்தது. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"வேலை மாறினத எல்லாருக்கும் சொல்லிடு. மத்தத நான் பாத்துக்குறேன். நீ வாயத் தொறக்காத."

மேலே வந்து, தண்ணீர் நிலையத்தை விட்டு மூன்று வாரமாகிறது, சாச்சாக்கில் வேறு வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னாள். எல்லாரும் வாழ்த்தினார்கள். எல்லாரையும்விட முதலில் மலர்ந்தது ஸகோர்க்காவின் முகம். பிடிக்காத இடத்தில் எதற்கு மாரடிக்க வேண்டும், நல்ல காரியம் செய்தாய் என்று நெவெனாவைக் கட்டிக்கொண்டாள். அப்படியே புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அப்படின்னா அந்த எடம் காலிதானே? நாளைக்கே போய் தொமானிச்சைப் பாருங்க. நம்ம பையனுக்குக் கேளுங்க."

"கேட்டாச்சு," என்றார் ஒப்ராத். "இவ விட்ட அன்னிக்கே என்கிட்ட சொல்லிட்டா. நானும் அன்னிக்கே போய்க் கேட்டேன். அதுக்குள்ள அவன் அக்கா மகளுக்குக் குடுத்துட்டான்."

அப்படியென்றால் சற்று முன்னால் ஊர்த் தண்ணீரைப் பற்றி அளந்தது எதற்காம் என்று மீலுன் சிரித்தபடி கேட்டான். நாலு பேர் முன்னால் வேறு எதைச் சொல்வது என்றார் ஒப்ராத். வாழ்நாளில் ஒரு பொய் சொல்லி யாரும் கேட்டிராத மனிதர், புனிதரின் படத்துக்கு முன்னால் நின்று அடுக்கடுக்காகச் சொன்னார். மீலுன் பக்கத்தில் இருந்தவனை இடித்துக் கண்ணடித்தான்.

"மூணு வாரமா மனசுல வெச்சுக்கிட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையா நீங்க?" என்று ஸகோர்க்கா கேட்டாள். அவள் தன் நாற்காலியை அவரிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

நெவெனா எழுந்து நின்றாள். அத்தை என்று ஆரம்பித்ததுமே, ஒப்ராத் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். சொல்லிவிட்டால் அவர் இப்போது சொன்னதெல்லாம் வீணாகும். சொல்லாவிட்டால் அந்த நாற்காலி அப்படியே தள்ளியே கிடக்கும். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஸகோர்க்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நெவெனாவின் தட்டில் இரண்டு சர்மாவை எடுத்து வைத்தாள்.

"நீயாவது நல்லா இரு, கண்ணு," என்றாள்.

நெவெனா அதைச் சாப்பிட்டாள்.