மச்சான் போட்ட கையெழுத்து

இதில் ஒரு சொல் பொய்யானாலும், வருகிற குளிர்காலம் முழுக்க என் பற்கள் கிட்டித்தே கிடக்கட்டும்.

கனடாவின் வடமேற்குக் கோடி யூக்கானில் எங்கள் ஊருக்குச் சாலை கிடையாது. யாராயிருந்தாலும் விமானத்தில் வந்து எங்கள் ஓடுதளத்தில்தான் இறங்கியாக வேண்டும். தலைநகரத்து அதிகாரி பிங்காமும் அப்படித்தான் இறங்கினார்.

பழங்குடிகளான எங்களை நாங்களே ஆண்டுகொள்ளலாம் என்று அரசோடு உடன்படிக்கையாகி ஆறு வருடம். ஆனால் மர அறுவை ஆலைக்கு மட்டும் பிங்காமின் கையெழுத்து பாக்கி. அது விழாவிட்டால் இளவட்டங்கள் இருபது பேரும் வேலை தேடித் தெற்கே போய்விடுவார்கள். தலைவர் எல்மருக்கு அந்தக் கவலையில் தூக்கமே போயிற்று.

பிங்காம் ஏழாவது முறையாகப் "பரிசீலிக்கிறோம்" என்றார். விருந்து வைத்தார்கள். மூஸ் மானின் மூக்கைப் போட்டு வைத்த சூப்பை அவர் மூன்றாம் கிண்ணமும் கேட்டதும், எல்மரின் மனைவி தெல்மா உருகிப்போனாள். "இன்னையிலிருந்து இவன் என் தம்பி" என்று ஊர் நடுவே அறிவித்து, தன் ஓநாய்க் குலத்திலும் சேர்த்துவிட்டாள்.

மறுநாள் பிங்காம் பேனாவை மூடினார்.

"மன்னிக்கணும் அத்தான். சொந்தக்காரங்களுக்குக் கையெழுத்துப் போட்டா எங்க ஆபீஸ்ல என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

எல்மர் மனைவியை முறைத்தார். "ஏண்டி, உனக்கு ஊர் உலகத்துல வேற தம்பியே கிடைக்கலையா?"

"சேர்த்தது சேர்த்ததுதான். அளவு சரியில்லேன்னு திருப்பிக் குடுக்க இவன் என்ன செருப்பா?"

எல்மர் காக்கைக் குலம். காக்கை வீட்டில் சாவு விழுந்தாலும் சுவர் எழும்பினாலும் உழைக்க வேண்டியது ஓநாய்க் குலத்தார். சோறு போடுவது காக்கைக் குலத்தார். காலங்காலமாக உள்ள முறை இது. சொந்த ஆட்சி வந்ததும் ஊர்ச்சபை போட்ட முதல் சட்டமும் இதுதான்.

எல்மரின் முகம் மெல்ல மலர்ந்தது.

"மச்சான், ஆலை கட்டுறது காக்கைங்க. அப்ப உழைப்பு உன்னுது. எங்க மண்ணு, எங்க சட்டம். நூத்தி எண்பது மரம் வெட்டணும். கோடாலி அதோ."

பிங்காம் தம் பஞ்சு விரல்களைப் பார்த்துக்கொண்டார். "இலேசா வேற வேலை ஏதும் இல்லையா அத்தான்?"

"இருக்கே. ஒரு கையெழுத்து."

"என் உத்தியோகம் போயிடுமே!"

"போனா போகுது. ஆலைக்கு ஒரு மேனேஜர் வேணும். உங்கக்கா சூப்பு வைப்பா."

"தினமுமா?"

"தினமும்டா தம்பி" என்றாள் தெல்மா.

பிங்காம் பேனாவைத் திறந்தார்.

இளவட்டங்கள் யாரும் தெற்கே போகவில்லை. ஆலை இன்றும் ஓடுகிறது. அதன் முதல் வருட லாபத்தில்தான் எங்கள் ஊருக்கு ஓடுதளமே போட்டார்கள். அதற்குமுன் இங்கே எந்த விமானமும் இறங்கியதில்லை. ஏனோ தெரியவில்லை, குளிர்காலம் வருமுன்பே என் பற்கள் இலேசாகக் கிட்டுகின்றன.